பயிலுமுன் பழகுதல்

ஒரு தொழிலை மேற்கொள்ள விரும்புவோர், அதற்குரிய கல்விச்சாலையிற் சேர்ந்த பின்னரே அத்தொழில் இன்னதென அறியத் தொடங்குதல் இந்நாளிற் பெருவழக்காயிற்று. ஆண்டுகள் சிலவும் பெற்றோர் பொருளும் செலவான பிறகு, இஃது எமக்கு ஏற்றதன்றென்று வருந்துவோரையும் காண்கின்றோம். சேருமுன்னரே சில வாரம் அத்தொழிலின் அருகே நின்று பழகுதல் எத்துணை நலம் பயக்கும் என்பதை, எம் தம்பியின் பொருட்டுச் சென்ற கோடை விடுமுறையில் யாம் நேரிற் கண்டோம். தமிழ் பயிலும் எமக்கு அங்கு என்ன வேலையெனின், அதனையும் ஈண்டுக் கூறுவோம்.

எம் தம்பி பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் கற்றுத் தேறியவன். அவன் விரும்பியது ஆப்டோமெட்ரி எனப்படும் பார்வையளவைக் கல்வி. தந்தையாரோ, "கண்ணாடிக்கடையில் நிற்பதற்கு நான்கு வருடப் படிப்பா?" என்று வினவினார். பள்ளியாசிரியராகிய அவர் ஊதியத்திலேயே எம் படிப்பும் நடைபெறுகின்றது. ஆதலின் அவ்வினாவை எளிதாகத் தள்ளுதற்கில்லை. விடுமுறை முடிவதற்குள் அதற்கு விடை காண்பதென இருவேமும் துணிந்தோம்.

கண் மருத்துவர் நோய்க்கு மருந்தளிப்பர், அறுவையும் செய்வர். கடைக்காரர், எழுதித்தந்த அளவின்படி கண்ணாடி அமைத்துத் தருவர். ஆப்டோமெட்ரி கற்றவரோ பார்வையை அளந்து, கண்ணாடியின் வன்மையைக் குறித்து, நோயின் அறிகுறி காணின் மருத்துவரிடம் அனுப்புவர். சென்னைச் சங்கர நேத்ராலயாவைச் சார்ந்த எலைட் கல்விச்சாலை இக்கல்விக்கென 1985-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. பட்டப்படிப்பு நான்காண்டு, இறுதியாண்டு செயன்முறைப் பயிற்சிக்குரியது. இத்தனையும் நூலாலும் அறியலாம். நூலால் அறியலாகாததே எமக்கு வேண்டியிருந்தது.

எம் ஊர்க் கடைத்தெருவிலுள்ள முதிய கண்ணாடிக்கடைக்காரரை முதலில் அணுகினோம். அவர் தம்பிக்குத் தந்த முதல் வேலை சட்டங்களின் தூசு துடைத்தல். ஒரு வாரம் அதனை அவன் முகங்கோணாது செய்தான். அதன்பின்னரே, இரு கண்மணிகளின் இடைத்தூரத்தை மில்லிமீட்டர் அளவுகோலால் அளக்கவும், பழைய கண்ணாடியின் வன்மையை லென்ஸோமீட்டரில் நோக்கவும் கற்பித்தார். ஒரு மீட்டர் தொலைவில் ஒளியைக் குவிக்கும் வில்லை 1 டயாப்டர். அரை மீட்டரிற் குவிப்பது 2 டயாப்டர். பாடப்புத்தகத்தில் மனனஞ் செய்த இக்கணக்கு, ஒருவர் முகத்தின்மேல் ஏறும்பொழுதுதான் அவனுக்கு உயிருடையதாயிற்று. யாமோ அங்கு வருவோர் வாய்ச்சொற்களைக் கேட்டிருந்தோம். நாற்பதைக் கடந்தோர்க்கு அண்மையெழுத்து மங்குவதை ஒருவர் வெள்ளெழுத்தென்றார், மற்றொருவர் சாளேசுரமென்றார். நோய்க்குரிய சொல்லை நோயாளர் வாயிலாகவே அறிதலும் இத்தொழிலில் ஒரு பகுதியென உணர்ந்தோம்.

தூசு துடைத்ததன் பயன் பின்னர் விளங்கிற்று. அக்கடைக்காரரே, அயலூர்ப் பள்ளியில் நடந்த கண் முகாமிற்கு எங்களை அழைத்துச் சென்று, அங்கிருந்த ஆப்டோமெட்ரி பயின்ற பெண்மணியிடம், "இந்தப் பையன் சொன்ன வேலையைச் செய்வான், அம்மா" என்று மட்டும் கூறினார். அதனினும் பெரிய நற்சான்றை யாம் கண்டிலோம்.

முகாமில் பெயரெழுதுதல் எம் வேலை. டாக்டர் சினெல்லன் என்பார் 1862-இல் வகுத்த முறைப்படி அமைந்த எழுத்துப் பலகையைக் கோலாற் சுட்டுதல் தம்பியின் வேலை. 6 மீட்டர் தொலைவில் நின்று படிக்கவேண்டும். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வலக்கண்ணை மூடிக்கொண்டு எழுத்துக்களைத் தடையின்றிச் சொன்னாள். யாவரும் அடுத்த பிள்ளையை அழைக்க முற்பட்டனர். தம்பியோ, "அக்கா, என் கோல் போகுமுன் இவள் நாக்குப் போகிறது" என்றான். வரிசையில் முன்னின்றோர் சொல்லக் கேட்டு அவள் மனனஞ் செய்திருந்தாள்! எழுத்தறியாதார்க்காக நாற்றிசையும் திரும்பிய வடிவங்கள் எழுதிய வேறு பலகையைக் காட்டியபொழுது, இடக்கண்ணால் பெரிய வடிவத்தின் திசையையும் அவளாற் கூற இயலவில்லை. ஒரு கண்ணின் உருவம் இளமையில் மங்கலாயிருப்பின் மூளை அதனை ஏலாது விட்டுவிடும். தக்க கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணை நாடோறும் சில நேரம் மறைத்து வைத்தால் பார்வையை மீட்கலாம். வயது ஏற ஏற அது அரிதாகும். இவற்றை அவள் தாயார்க்கு எளிய தமிழில் இருமுறை எடுத்துரைக்கும் பணி எமக்கு வாய்த்தது. "நல்ல கண்ணையா மூடச் சொல்கிறீர்கள்?" என்று அவ்வம்மையார் அஞ்சிக் கேட்ட கேள்விக்கு விடையிறுத்ததே, யாம் கற்ற தமிழுக்கு இதுகாறும் நேர்ந்த கடினமான தேர்வு. அன்று மாலையே தாயும் மகளும் மருத்துவமனைக்குப் புறப்பட்டனர்.

வேலை முடிந்தபின் அப்பெண்மணி தம்பியிடம் ஒன்றும் மறைக்காது பேசினார். தொடக்கத்தில் ஊதியம் குறைவாயிருக்கலாம் என்றும், நாள் முழுதும் நிற்கவேண்டுமென்றும், கண்ணாடி விற்பதையே பெரிதாகக் கருதும் இடங்களும் உளவென்றும் சொன்னார். சேரவேண்டிய கல்லூரியில் மருத்துவமனைப் பயிற்சி எவ்வளவு தருகின்றார் என்பதை முதலிற் கேட்குமாறு அறிவுறுத்தி, ஐயம் நேரின் தம்மை வினவுமாறும் கூறினார்.

வீடு திரும்பித் தந்தையாரிடம் நடந்தவற்றைக் கூறினோம், குறைகளையும் ஒளித்திலோம். அவர் சிறிதுநேரம் வாளாவிருந்து, "அந்தக் குழந்தைக்குப் பார்வை திரும்புமா?" என்று மட்டும் கேட்டார். மறுநாட் காலை விண்ணப்பத்திற்குரிய பணம் மேசைமேலிருந்தது.

மாணவ நண்பர்காள்! பெரியோர் தொடர்பு பரிந்துரைக் கடிதம் தேடி அலைவதனால் வருவதன்று. ஒருவர் பணியிற் கைகொடுத்து நிற்பதனால் தானே வருவது. எத்துறையை நாடுவீராயினும், வாயிலிற் கட்டணம் செலுத்துமுன், அத்துறையார் ஒருவரின் கடையிலோ கூடத்திலோ சில நாள் துடைப்பத் துணியோடு நின்று பாருங்கள். அத்துறை உங்களுக்கு ஏற்றதாயின் விருப்பம் உறுதிப்படும். அன்றாயின் ஆண்டுகள் மிச்சப்படும். இரண்டும் ஊதியமேயாம்.