நைரோபியில் கிடைத்த எண்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு – நைரோபி

இறங்கியதும் இணையம் வேண்டும் என்று ஊரிலேயே ஒரு இ-சிம் வாங்கியிருந்தேன். விமான நிலையத்தில் வைஃபை தேடி அலையாமல் வண்டி பிடிக்க உதவியது. அதில் டேட்டா மட்டும்தான், எண் கிடையாது. ஓட்டுநர் எந்த வாசலில் நிற்கிறார் என்று நான்தான் செயலியில் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. அவர் என்னைக் கூப்பிட உள்ளூர் எண் என்னிடம் இல்லை.

சென்னை சிம்மையும் எடுக்கவில்லை. வங்கி ஓ.டி.பி. அதில்தான் வரும். ரோமிங்கைப் போட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன். இரண்டு நாள் அலுவலக வேலைக்கு வருபவர் ஊர் சிம்மிலேயே ஒரு பேக் போட்டுச் சமாளித்துவிடலாம். நாட்டைச் சுற்ற வருபவருக்கு உள்ளூர் எண் வேண்டும். நாளை முதல் வேலை அதுதான்.

பிப்ரவரி 10, திங்கள் – நைரோபி

கென்யாவின் கைபேசி நிறுவனமான சபாரிகாமின் கடையில் நல்ல கூட்டம். கவுண்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைக் கைபேசியில் படம் எடுத்தார், பிறகு என் முகத்தையும். பெயர் பதியாமல் இங்கே சிம் இயங்காது. நம் ஏர்டெல்லும் இங்கே இருக்கிறது. 2010-ல் ஸைன் நிறுவனத்தின் ஆப்பிரிக்கச் சேவைகளை வாங்கி உள்ளே வந்தது. ஆனால் இந்திய ஏர்டெல் சிம்முக்கு இங்கே உள்ளூர் விலை கிடைக்காது, அது ரோமிங்தான். நான் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிறேன், அங்கே சிக்னல் வேண்டும்; கைபேசியிலேயே பணம் அனுப்ப, சபாரிகாமின் எம்-பெசாவும் வேண்டும். அதனால் சபாரிகாம். பாஸ்போர்ட்டை வைத்தே எம்-பெசா கணக்கையும் அந்தப் பெண் திறந்து கொடுத்துவிட்டார்.

*544# அடித்தால் டேட்டா பட்டியல் வருகிறது: ஒரு மணி நேரத்துக்கு, ஒரு நாளுக்கு, ஒரு வாரத்துக்கு என்று. கெடு குறையக் குறைய விலையும் குறைகிறது. கையில் இருக்கிற சில்லறைக்கு ஏற்ப அன்றன்றைக்கு வாங்குகிறவர்களை நினைத்துப் போட்ட பட்டியல். 2019 முதல் கெடுவே இல்லாத டேட்டாவும் உண்டு. அது கொஞ்சம் விலை கூட. ஆனாலும் பயணிக்கு அதுதான் நல்லது என்பேன். சிக்னல் இல்லாத சாலையில் பாதி நாள் போய்விட்டால், ஒரு நாள் பேக்கில் பாதி வீண்.

பிப்ரவரி 11, செவ்வாய் – நைரோபி

தெருவுக்குத் தெரு பச்சை பூசிய எம்-பெசா கடைகள். காலையில் ஒன்றில் பாஸ்போர்ட்டைக் காட்டி ஷில்லிங் நோட்டுகளைக் கொடுத்தேன்; நிமிடத்தில் கணக்கில் ஏறிவிட்டது. போடுவதற்குக் கட்டணம் இல்லை, எடுப்பதற்கு உண்டு.

விடுதிக்குப் பக்கத்தில் மாமா ம்போகா ஒருவர் கடை போட்டிருக்கிறார். காய்கறி விற்கும் அம்மாக்களை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரிடம் மாம்பழமும் அவகாடோவும் வாங்கினேன். எம்-பெசாவில் பணம் அனுப்பும்போது அவருடைய பெயர் திரையில் வந்தது. சரிபார்த்து உறுதி செய்தேன். என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி, அவருக்கு ஒன்று. தன்னுடையது வந்த பிறகுதான் பையை நீட்டினார். அவர் வைத்திருப்பது பட்டன் போன். அந்த நேரம் முழுக்க என் டேட்டாவை அணைத்தே வைத்திருந்தேன், வேண்டுமென்றேதான். ஒரு எம்.பி. கூடச் செலவாகவில்லை.

எம்-பெசா தொடங்கியது 2007 மார்ச்சில், நம் யு.பி.ஐ.க்கு ஒன்பது ஆண்டு முன்பு. ஸ்மார்ட்போனையோ இணையத்தையோ நம்பாமல், சிம்முக்குள் இருக்கும் மெனுவையும் குறுஞ்செய்தியையும் வைத்தே கட்டினார்கள். பயணிகளான நாம் டேட்டா எங்கே மலிவு என்று மட்டும் விசாரித்துக்கொண்டு வருகிறோம். ஆனால் இந்த ஊர் வாழ்க்கை கைபேசி எண்ணில் ஓடுகிறது. எண் இல்லாத வெறும் டேட்டா சிம்மோடு அந்த அம்மாவிடம் போயிருந்தால், நோட்டை நீட்டிவிட்டு, அவர் சில்லறைக்கு அலைவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்திருக்கும்.

பிப்ரவரி 13, வியாழன் – மசாய் மாரா

பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்கி நாரோக் நகரம் வரை 4ஜி. அதைத் தாண்டியதும் வந்து வந்து போனது. வரைபடத்தை நாரோக்கிலேயே இறக்கி வைத்தது நல்லதாயிற்று. காப்பகத்துக்குள் ஓட்டுநர்கள் கைபேசியைப் பார்ப்பதில்லை. சிங்கம் எங்கே படுத்திருக்கிறது என்பதை வானொலிக் கருவியில்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

முகாமில் வேலை செய்யும் மசாய் இளைஞர் மாலையில் பின்னால் இருந்த மேட்டுக்கு ஏறினார். நானும் கூடப் போனேன். தங்கையின் பள்ளிக் கட்டணம் நாளைக்குள் கட்ட வேண்டுமாம். மேட்டின் மேல் சிக்னல் ஒரு கோடு, அதுவும் 2ஜி. என் வாட்ஸ்அப்பில் படம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் எம்-பெசாவில் அவர் கட்டிய கட்டணம் போய்ச் சேர்ந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது. 5ஜி வரைக்கும் போய்விட்ட நிறுவனங்கள் எந்தக் காரணத்துக்காகவும் அந்தப் பழைய 2ஜி-யை இப்போதைக்கு அணைத்துவிடக் கூடாது. அந்த ஒரு கோட்டை நம்பி ஒரு பெண் படிக்கிறாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு – மொம்பாசா

நைரோபியிலிருந்து மடாரகா எக்ஸ்பிரஸில் வந்தேன். 2017-ல் தொடங்கிய ரயில். சீட்டுக்கும் எம்-பெசாவில்தான் காசு கட்டினேன். சாவோ காட்டுக்குள் போகும்போது சிக்னல் விட்டு விட்டு வந்தது. யானைகள் தெரிந்ததால் யாரும் கைபேசியைத் தேடவில்லை.

கென்யாவுக்கு இணையம் கரையேறுவது இந்த ஊரில்தான். 2009 வரை கென்யாவுக்குக் கடலடிக் கம்பியே கிடையாது, எல்லாம் செயற்கைக்கோள் வழிதான். விடுதிக் கணக்காளர் அந்த நாளில் சைபர் கஃபேயில் நிமிடத்துக்கு நிமிடம் காசு எண்ணிக் கொடுத்ததை இன்னும் மறக்கவில்லை. அந்த ஆண்டு டீம்ஸ், சீகாம் என்ற இரண்டு கம்பிகள் வந்தன. மறு ஆண்டு ஈஸி என்ற இன்னொரு கம்பி. டீம்ஸ் இங்கிருந்து அமீரகத்தின் புஜைராவுக்குப் போகிறது, சீகாம் மும்பையைத் தொடுகிறது. 2024 மே மாதம் ஈஸியும் சீகாமும் தென்னாப்பிரிக்கக் கடற்பகுதியில் அறுந்தபோது, கென்யா உட்பட இந்தப் பக்கத்து நாடுகள் பலவற்றில் இணையம் படுத்துவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய் – மொம்பாசா

நாளை ஊருக்கு. எம்-பெசாவில் மீந்த பணத்தைப் பச்சைக் கடையில் எடுத்துவிட்டேன். பேசுவதற்குப் போட்ட காசில் மிச்சமிருந்ததை *140* வழியாக மாரா ஓட்டுநருக்கு அனுப்பினேன். சம்பாசா என்கிறார்கள் இதை. வாட்ஸ்அப்பைக் கென்ய எண்ணுக்கு மாற்றவே இல்லை. பயன்படுத்தாமல் விட்டால் எண் பிறகு வேறொருவருக்குப் போய்விடும், எந்தக் கணக்கையும் அதில் கட்டி வைப்பது நல்லதல்ல.

தோழி ஒருத்தி ஜூலையில் வருகிறாள். பாஸ்போர்ட்டோடு சபாரிகாம் கடைக்குப் போய் எண்ணும் எம்-பெசாவும் சேர்த்தே கேள், கெடு இல்லாத டேட்டா எடு, வரைபடத்தை நாரோக்கைத் தாண்டும் முன்பே இறக்கிவிடு என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.