முதுகில் ஒரு வீடு

தை, ஞாயிறு

செவ்வாப்பேட்டை ரோடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகை ஒன்றில் வெள்ளை பொலேரோ கேம்பர் நிற்கிறது. டபுள் கேபின், ஃபோர் வீல் டிரைவ், செகண்ட் ஹேண்ட். ஒரு கான்ட்ராக்டரிடம் ஆளும் சிமெண்ட் மூட்டையும் ஏற்றி உழைத்த வண்டி. கதவில் கலவைச் சாந்து இன்னும் ஒட்டியிருக்கிறது. வாங்கியவருக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை. வயது ஐம்பதைத் தொட்டாயிற்று, பிள்ளைகள் படித்து வெளியூர் போயாயிற்று. இனி வண்டியின் பின்பக்கத்தில் இருவர் படுக்க, ஒரு வேளை சமைக்க, மழைக்கு ஒதுங்க ஓர் இடம் கட்டப்போகிறார். கேரவன் என்றதும் நம் ஆட்களுக்குக் கோடம்பாக்கம்தான் ஞாபகம் வரும், நடிகர் மேக்கப் போடும் ஏசி பஸ். இவர் கேட்பது அதுவல்ல. மண் பாதையில் தடுமாறாமல் ஏறி இறங்கும் வண்டி வேண்டும், அதன் முதுகில் வீடு வேண்டும்.

இந்த ஊரில் இப்படி ஓர் ஆசை வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. கிழக்கே ஆவடியில் 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி செய்கிறார்கள். எண்ணூரில் அசோக் லேலண்ட். ராணுவம் ஓட்டும் ஸ்டாலியன் லாரி அவர்களுடையது. மேற்கே திருவள்ளூரை அடுத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998இல் மிட்சுபிஷி லான்சரைக் கட்டத் தொடங்கியது, பிறகு பஜேரோ வந்தது. 2013 முதல் சில ஆண்டுகள் இசுசுவின் டி-மேக்ஸ் பிக்கப்பும் அதே கூரையின் கீழ்தான் உருவானது. 2016இல் இசுசு, கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலை திறந்தது. வெல்டர், பெயிண்டர், ஷீட் மெட்டல் ஆள், லீஃப் ஸ்பிரிங் பட்டறை என்று எதைத் தேடினாலும் அரை மணி நேரத்தில் கிடைக்கிற வட்டாரம் இது. சுலபத்தில் கிடைக்காதது அனுமதிக் காகிதம்தான்.

தை, புதன்

காகித வேலைக்கென்று ஒரு நாள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கறாரானது: தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் பொருந்தாதபடி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

முறையான வழி இல்லாமல் இல்லை. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரம் இருக்கிறது. புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையங்களில் சான்று வாங்கினால், வண்டி கேரவனாகவே பதிவாகும். ஒரே மாதிரி வண்டிகளை வரிசையாகக் கட்டி விற்கும் நிறுவனத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். ஒற்றை வண்டிக்காரருக்குத் தாங்காது. 2022இல் மஹிந்திரா, ஐ.ஐ.டி. மெட்ராஸின் அரவணைப்பில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரியுடன் ஒப்பந்தம் போட்டது இந்த வகையில்தான். அடித்தளம் இதே பொலேரோ கேம்பர் கோல்டு. நால்வர் படுக்கலாம், பயோ டாய்லெட், ஷவர், ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் எல்லாம் உண்டு, ஓட்டத் தனி லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தார்கள்.

இவர் எடுத்த முடிவு வேறு. பெட்டி வண்டியோடு ஒட்டாது. தொட்டியில் உட்காரும், நான்கு டர்ன்பக்கிள் இழுத்துப் பிடிக்கும், ஊர் திரும்பியதும் ஜாக்கி வைத்துக் கழற்றிக் கொட்டகையில் இறக்கிவிடலாம். சேஸிஸில் ஓர் ஓட்டை கிடையாது, கேபினில் ஒரு வெட்டுக் கிடையாது. இது மாற்றமல்ல, சுமைதான் என்று வாதாடலாம். சோதனைச் சாவடியில் நிற்கும் அதிகாரி ஒத்துக்கொள்ள வேண்டும், அது வேறு விஷயம். கட்டும் முன்பே வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். வண்டி ஓடும்போது பெட்டிக்குள் ஆள் உட்காரவே கூடாது. அதில் வாதத்துக்கே இடமில்லை.

மாசி, சனி

பெட்டி கட்டுவதில் பாதி வேலை தராசோடுதான். எட்டுக்கு நாலு அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு ஷீட் ஏறக்குறைய 35 கிலோ. அதே அளவு 3 மில்லிமீட்டர் ஏ.சி.பி. (அலுமினியக் கூட்டுத் தகடு) ஷீட் 14 கிலோகூட வராது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் அறுபது லிட்டர் டேங்க் வைக்கும்போது, ஒரு ஆளை நிரந்தரமாக ஏற்றிக்கொள்கிறோம் என்று யாரும் நினைப்பதில்லை.

ஒரு டன் தாங்கும் வண்டிக்கு இந்தக் கஞ்சத்தனம் எதற்கு என்று பட்டறைப் பையன் கேட்கிறான். ஒரு டன் சிமெண்ட் மூட்டை தொட்டியில் தாழ உட்காரும். பெட்டி உயர நிற்கும், பின் அச்சுக்கு அந்தப் பக்கமும் நீளும். வளைவில் சாய்வதும், காற்றில் ஆடுவதும், முன் சக்கரம் லேசாவதும் அதனால்தான். அமெரிக்காவில் எழுபது, எண்பதுகளில் டொயோட்டா பிக்கப் சேஸிஸ் மேல் குட்டி வீடுகளைக் கட்டி விற்றார்கள். வீடு கனத்தது, பின் அச்சு கனக்கவில்லை. அச்சு முறியும் அபாயம் தெரிந்த பிறகு, ஏராளமான வண்டிகளைத் திரும்ப அழைத்து அச்சையே மாற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் அளவுக்கு மீறி ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு 20,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அபராதத்தைக் கட்டிவிடலாம், மலைப்பாதையில் முறிந்த அச்சை என்ன செய்வது?

ஆகவே இவர் வைத்த வரம்பு, பெட்டி, தண்ணீர், பேட்டரி, பாத்திரம், படுக்கை எல்லாம் சேர்த்து நானூறு கிலோ. சட்டகம் அலுமினியச் சதுரக் குழாய், தோல் ஏ.சி.பி., நடுவே தெர்மோகோல். தொட்டி நீளம் ஆள் படுக்கப் போதாது. அதனால் கேபின் கூரைக்கு மேல் பரண் மாதிரி நீட்டி, அங்கே படுக்கை. கூரை, நிற்கும்போது கேன்வாஸோடு மேலே எழும்பும், ஓடும்போது தாழ்ந்துவிடும். சுரங்கப்பாதை உயரத் தடுப்பும் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் இருக்கிற நாட்டில், உயரத்தை மடக்கத் தெரிந்த வண்டிதான் பிழைக்கும்.

மாசி, திங்கள்

கும்மிடிப்பூண்டியிலிருந்து வெல்டர் வந்திருக்கிறார். சிப்காட்டில் வேலை பார்த்த கை. பெட்டியின் கால்களைத் தொட்டியோடு பற்றவைக்கலாமா என்று இவர் கேட்டதற்கு, முகக்கவசத்தைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"வேணாம்ணே. பள்ளத்துல ஒரு சக்கரம் எறங்குனா சேஸிஸ் முறுக்கிக்கும். பொட்டிய இறுக்கிப் புடிச்சா, எங்கனா ஒரு மூல பொளந்துக்கும்."

கையேடு எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் இதுதான். ஏணிச் சட்டம் முறுக்கிக்கொள்வது குறையல்ல, சக்கரம் மண்ணை விடாமலிருக்க அந்த வளைவு உதவுகிறது. மெர்சிடிஸின் யூனிமாக் லாரிகளில் மேலே வைக்கும் கூண்டை மூன்றே புள்ளிகளில் தாங்க வைப்பது அதனால்தான். இங்கே அதற்குப் பதில், லாரிக்கடையில் வாங்கிய எஞ்சின் மவுண்ட் ரப்பர். டர்ன்பக்கிளையும் ஸ்பிரிங் போட்டுத்தான் மாட்டினார்கள்.

அன்று மாலையே எடை மேடை. முதலில் முழு வண்டி, அடுத்து பின் சக்கரம் இரண்டையும் மட்டும் மேடையில் ஏற்றி இன்னொரு சீட்டு. மொத்த எடை சரியாயிருந்து பின் அச்சு மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த இரண்டாவது சீட்டுதான் காட்டிக்கொடுக்கும். மேடைக்காரர் இரண்டாவது எடைக்கும் காசு வாங்கினார். வரம்புக்குள் வந்துவிட்டது. தண்ணீர் டேங்கை முன்பக்கம், கேபின் சுவரை ஒட்டித் தள்ளியது வீண் போகவில்லை.

சித்திரை, வெள்ளி

திருவள்ளூர் வெயிலைப் பற்றி எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஏசி வைக்கலாமே என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். பெட்டியில் இருப்பது 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி, 12.8 வோல்ட், ஆக 1,280 வாட்-ஹவர். ஒரு டன் ஏசி ஓடினால் ஒரு மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும். நாற்பது லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் கோடையில் நாளொன்றுக்கு 500 வாட்-ஹவர் அளவு கேட்கும், டி.சி. ஃபேன் இரவு முழுக்க ஓடினால் 200, விளக்கு கொசுறு. கூரையில் இருக்கும் இரண்டு 100 வாட் சோலார் பேனல் வெயில் நாளில் இதை ஏறக்குறைய சரிக்கட்டிவிடும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை வைத்திருந்தால் ஆசிடோடு சேர்ந்து அறுபது கிலோ பக்கம் வந்திருக்கும். லித்தியம் பன்னிரண்டு, பதிமூன்று கிலோ. விலை கொஞ்சம் உறைக்கும்தான், ஆனால் மிஞ்சுகிற எடையில் மூன்று நாள் தண்ணீர் ஏறும்.

பெட்டிக்குள் இல்லத்தரசியின் முதல் ஆய்வு. "என்னங்க, கதவத் தொறந்தா கொசு, மூடுனா வேர்வை. ரெண்டுல எத வச்சிக்கறது?" அடுத்த நாளே ஜன்னலுக்கும் எழும்பும் கேன்வாஸுக்கும் கொசுவலை வந்தது. அடுப்பையும் வெளியே இழுத்துக்கொள்ளும் தட்டில் வைக்கச் சொல்லிவிட்டார். இந்த வண்டியில் நடந்த மிக நல்ல திருத்தம் இதுதான் என்பேன்.

காரணம் வாசனையோ வியர்வையோ அல்ல, கேஸ். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும், மேலே ஜன்னல் திறந்திருந்தும் பயனில்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள், கள்ளத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டரில் சமைக்கப் போய்த் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். இந்தப் பெட்டி அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஐந்து கிலோ சிலிண்டர் இப்போது அடியில் ஓட்டை விட்ட வெளிப்பக்க அறையில், நின்ற வாக்கில் இருக்கிறது. உள்ளே சமையல் அறவே கிடையாது, மழையானாலும்.

வைகாசி, ஞாயிறு

பழவேற்காடு பக்கம் முதல் சோதனை ஓட்டம். கடற்கரை மணலில் இறக்கவில்லை. அங்கே ஆமை முட்டையிடும், மீனவர் வலை காயும், நம் வண்டிக்கு அங்கே வேலையில்லை. தெரிந்தவரின் சவுக்குத் தோப்புக்குப் போகும் மணல் தடத்தில்தான் சோதனை. டயரில் முப்பதுக்கு மேலிருந்த காற்றை இருபதுக்குக் கீழே இறக்கியதும், டயர் பரந்து மணலை மிதித்துப் போனது. ஃபோர் லோ போட்டு, இரண்டாம் கியரில், நிற்காமல். தார் ரோட்டுக்கு வந்தவுடன் முதல் வேலை டூ வீலுக்கு மாற்றுவது; இந்த வகை வண்டியில் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது, தாரில் நாலு சக்கரத்தையும் இழுக்க விட்டால் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக் கெட்டுப்போகும். அடுத்த வேலை, காற்றடிப்பது. கையடக்க கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்கப் புறப்படுவது, கயிறில்லாமல் கிணற்றில் இறங்குகிற கதை.

ஆவணி, சனி

பூண்டி தாண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் இரவு. தோப்புக்காரர் நண்பர், அனுமதிக்குச் சிக்கலில்லை. போகிற வழியில் அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த ஊர். அங்கிருக்கும் மிகப் பழைய கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். தண்ணீரும் கல்லும் கிடைத்த இடத்தில் தங்கியவர்கள் அவர்கள். தங்க அனுமதிச் சீட்டு கேட்க ஆளில்லாத காலம்!

இன்றைக்கு வண்டியில் வீடு வைத்திருப்பவரின் பெரிய தலைவலி அதுதான். பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் லாரிகளின் இரைச்சல். கோயில் வாசலில் நிறுத்தினால் நள்ளிரவில் போலீஸ் ரோந்து, "யாரு, எந்த ஊரு?" காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றி இரவு தங்கவே கூடாது. கழிவு நீரைக் கொட்ட ஒழுங்கான இடம் கிடையாது; கண்ட இடத்தில் கொட்டிவிட்டுப் போகிறவர்களால்தான் அடுத்து வருகிறவரை ஊர்க்காரர்கள் விரட்டுகிறார்கள்.

கேரளம் 2021இல் 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமனில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. நம்மிடம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல்கள் மாமல்லபுரம், ஏற்காடு, ராமேசுவரம் என்று நல்ல நல்ல இடங்களில் இருக்கின்றன. அவற்றின் வாகன நிறுத்தத்தில் ஒரு ஓரத்தை ஒதுக்கி, ஒரு குழாய், ஒரு பிளக் பாயிண்ட், கழிவு நீர் இறங்க ஒரு தொட்டி வைத்து, ராத்திரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கட்டும். புதிய கட்டடம் ஒன்றும் வேண்டியதில்லை. கழகம் இதை ஓர் ஊரிலாவது வருகிற கோடைக்கு முன்பே தொடங்க வேண்டும்.