கேள்விக்குறிகளாகிப்போன கட்டுரைகள்

பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தபோதும், எழுதியதை நானே அச்சேற்ற வேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. நான் எழுதிக் கொடுப்பேன். அச்சுக்கோப்பாளர் கோப்பார். ஒப்புநோக்காளர் பிழை பார்ப்பார். பக்கம் கட்டுகிறவர் இடம் போதாவிட்டால் கடைசி நாலு வரியை வெட்டுவார். காலையில் பத்திரிகை கடையில் தொங்கும். இத்தனை பேரின் வேலையையும் ஒருவனே செய்ய வேண்டும் என்பது, 2008ஆம் ஆண்டு எனக்கென ஓர் இணையத்தளத்தை அமைக்கத் தொடங்கியபோதுதான் விளங்கியது.

வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளை எனக்கு அறிமுகப்படுத்தியவன் ரொறொன்ரோவில் இருக்கும் என் பெறாமகன். மற் முலன்வெக், மைக் லிற்றில் என்ற இருவர், வளர்ச்சி நின்றுபோயிருந்த பி2 என்ற மென்பொருளை எடுத்துத் திருத்தி, 2003 மே மாதத்தில் வெளியிட்டது அது. இலவசமானது. ஐந்தே நிமிடத்தில் நிறுவலாம் என்பது அதன் புகழ்பெற்ற வாக்குறுதி. எனக்கு ஐந்து நாள் சென்றது.

ஆள்களப் பெயரை ஒரு நிறுவனத்திலும், வழங்கியில் இடத்தை வேறொரு நிறுவனத்திலும் வாங்கினேன். முன்னது விலாசம், பின்னது காணி என்று பெறாமகன் விளக்கினான். தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒரு கோப்பில் எழுதிச் சேமிக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தட்டியபோது அதன் பக்கத்தில் நின்ற மேற்கோள் குறி ஒன்றையும் சேர்த்து அழித்துவிட்டேன். தளம் முழுவதும் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. "சித்தப்பா, ஒரு மேற்கோள் குறி குறையுது பாருங்கோ" என்று அவன் தொலைபேசியில் சொன்னபோது, எத்தனையோ தடவை நான் கோபித்துக்கொண்ட எங்கள் ஒப்புநோக்காளர்களை நினைத்துக்கொண்டேன்.

பழைய கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் தட்டிய தமிழ், கணனியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துத்தான். மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் போர்வை கழன்றுவிடும். ஆகவே எல்லாவற்றையும் யுனிகோட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. சுரதா யாழ்வாணன் இணையத்தில் இலவசமாக வைத்திருந்த மாற்றி அப்போது பலருக்குக் கைகொடுத்தது, எனக்கும்தான். ஆனால் கட்டுரையின் நடுவே ஆங்கிலத்தில் இருந்த பெயர்களையும் அது தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும். ஒவ்வொரு கட்டுரையையும் மீண்டும் ஒப்புநோக்கினேன்.

தலைப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. வேர்ட்பிரஸ் தலைப்பைக் கொண்டே பக்கத்தின் முகவரியை உண்டாக்குகிறது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். முகவரிக்குள் வரும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக விரியும். ஆக ஒன்றுக்கு ஒன்பது. முகவரிக்கு ஒதுக்கப்பட்ட இடமோ 200. விசிறியும் புள்ளியும்கூடத் தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், தலைப்பின் 22 குறிகளோடு இடம் முடிந்துவிடும். எட்டுப் பத்திக்கு நீளத் தலைப்புப் போட்டுப் பழகிய கைக்கு இது பெரிய தண்டனை. பின்னர் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகத் தனியே கொடுக்கக் கற்றுக்கொண்டேன்.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். உண்மையான அடி 2010இல் விழுந்தது.

முதலில் இடம் வாங்கிய நிறுவனத்தின் வழங்கி அடிக்கடி படுத்துவிடும். ஆகவே வேறு இடத்துக்கு மாற முடிவு செய்தேன். பெறாமகனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற நினைப்பில், தரவுத்தளத்தை இறக்கிப் புதிய இடத்தில் ஏற்றும் வேலையை நானே செய்தேன். ஏற்றி முடித்ததும் பழைய கணக்கை மூடினேன். மாதக் காசு மிச்சம் என்ற அவசரம். மூடிய பிறகுதான் புதிய தளத்தைத் திறந்து பார்த்தேன். படங்கள் இருந்தன, திகதிகள் இருந்தன. தமிழ் இருந்த இடமெல்லாம் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்.

காரணத்தைப் பிறகு அறிந்தேன். வேர்ட்பிரஸ் தன் சரக்கையெல்லாம் வைப்பது மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில். சுவீடனில் பிறந்த அந்த மென்பொருள், 2018இல் வந்த 8ஆம் பதிப்புவரை, நாம் வேறாகச் சொல்லாவிட்டால் எதையும் மேற்கு ஐரோப்பிய எழுத்து என்றே எடுத்துக்கொள்ளும். இதனால் தமிழ் இரண்டு விதமாகக் கெடலாம். தலையில் சாய்கோடு இட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' எழுதிய வணிகக் குறியும் மாறி மாறித் தெரிந்தால், உள்ளே பைட்டுகள் அப்படியே கிடக்கின்றன; பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறி தெரிந்தால், தனக்குத் தெரியாத எழுத்தைத் தரவுத்தளம் வீசிவிட்டு அந்த இடத்தில் ஒரு குறியைப் போட்டுவிட்டது என்று அர்த்தம். மீட்பதற்கு எதுவும் இல்லை.

"இறக்கின கோப்பு இருக்குத்தானே சித்தப்பா?" என்று பெறாமகன் கேட்டான். ஏற்றி முடிந்ததும் அதையும் அழித்திருந்தேன்.

பாமினிக் கோப்புகள் இருந்த கட்டுரைகளை மறுபடி மாற்றினேன். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய ஆவணகத்தில் சில பக்கங்கள் பதிந்திருந்தன. எஞ்சியவை பதினொன்று. அவற்றில் பத்து போனதில் எனக்குப் பெரிய துக்கமில்லை. மற்றது, எங்கள் அச்சுக்கூடத்தின் போர்மன் 2009இல் காலமான இரவில், நேரே தளத்தின் பெட்டிக்குள் தட்டிய கட்டுரை. வேறு பிரதி இல்லை.

ஈய எழுத்துக் காலத்து மனிதர் அவர். கோத்த எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல வாசித்தே பிழை சொல்லுவார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கம் அச்சாகி எழுத்தைக் கலைத்துப் பெட்டிகளில் போடும்போது இளைஞர்களைப் பார்த்து, "கலைக்க முன்னம் ஒரு படி எடுத்து வையுங்கோடா" என்று சத்தம் போடுவது நாளாந்தம் கேட்கும். அவரைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வந்ததில்லை. அந்தக் கட்டுரை ஒன்றுதான்.

வேறு வழியில்லாமல் அவருடைய மகளுக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளை சிரித்தது. "மாமா, நான் அதைப் பிரின்ட் எடுத்து அப்பாவின்ர படத்துக்குப் பின்னால வைச்சிருக்கிறன்" என்றது. அடுத்த கிழமை தபாலில் நான்கு தாள்கள் வந்தன. தளத்தின் அகலம் தாளுக்குள் அடங்காததால், ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் வெட்டுப்பட்டிருந்தது.

நான் எழுதியதுதானே, நிரப்பிவிடலாம் என்று இருந்தேன். பல வரிகளில் முடிந்தது. இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் என்ன எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அங்கெல்லாம் பொருத்தமான சொல்லை இன்று போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தந்தையைப் பற்றிய கட்டுரையை அந்தப் பிள்ளை மனப்பாடமாக வைத்திருக்கக்கூடும். தெரியாத இடங்களில் மூன்று புள்ளி வைத்து, இது சிதைந்த பிரதியிலிருந்து மீட்டது என்ற குறிப்பையும் திகதியையும் அடியில் இட்டு வெளியிட்டேன். இரண்டு நாளில் அவர் மின்னஞ்சல் அனுப்பினார். பதினான்கு இடங்களுக்குச் சொற்கள் தந்திருந்தார். மிகுதிப் புள்ளிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் தரவுத்தளத்தை இறக்கி இரண்டு இடங்களில் வைக்கிறேன். வைத்த கோப்பைத் திறந்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் தேநீர்.