மேசைத் துணிக்கு அடியில காஞ்ச புல்லு

போன டிசம்பர்ல நானும் வீட்டுக்காரியும் போலந்து போயிருந்தோமுங்க. மகள் அங்கதான் இருக்கா. அந்த நாட்டுப் பையனையே கட்டிக்கிட்டா. கல்யாணத்துக்கு நான் போகலை. மஞ்சள் வெட்டு இருக்குதுன்னு ஊருக்குள்ள சொல்லிக்கிட்டேன். ஆகஸ்ட் மாசம் ஏதுங்க மஞ்சள் வெட்டு? கேட்டவங்களுக்கும் தெரியும், சிரிக்காமப் போனாங்க. பேரன் பொறந்த பொறகுதான் எனக்கு மனசு இறங்குச்சு.

சம்பந்தி வீடு கிராகோவ் நகரத்துல இருந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு கிராமம். அவரும் விவசாயிதான். உருளைக்கிழங்கு போடறார், ரெண்டு மாடு இருக்குது. அவருக்கு இங்கிலீசு வராது, எனக்கும் அப்படித்தான். எதுக்கும் மகளைக் கூப்பிடணும்.

அவங்களுக்கு 25-ஆம் தேதியை விட 24 ராத்திரிதான் பெருசு. 'விகிலியா'ன்னு பேரு. வானத்துல முதல் நட்சத்திரம் தெரிஞ்சாத்தான் சாப்பாடு. நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுது, பிள்ளைங்க சன்னலை விட்டு நகரலை. சம்பந்தியம்மா மேசைத் துணிக்கு அடியில ஒரு கை காஞ்ச புல்லைப் பரப்பினாங்க. ஏசு மாட்டுத் தொழுவத்துல பொறந்தாருல்ல, அதுக்காக. நான் குனிஞ்சு மோந்து பாத்தேன். நல்லாக் காய வெச்ச புல்லு, பூசணவாடை இல்லை. சம்பந்தி பாத்துட்டுச் சிரிச்சார்.

ஆள் இல்லாம ஒரு தட்டு கூடுதலா இருந்துச்சு. சொல்லாம கொள்ளாம யாராச்சும் வந்தா அவங்களுக்காம். "மூணு வருசமா அந்தத் தட்டைத்தான்ப்பா பாத்துட்டு உக்காந்திருப்பேன்"னா மகள். நான் தட்டைப் பாத்தேன், அவளைப் பாக்கலை.

அப்பளத்தை விட மெல்லிசா வெள்ளை வில்லை ஒண்ணு ஆளுக்குக் கொடுத்தாங்க. அடுத்தவங்க கையில இருக்கறதுல கொஞ்சம் ஒடிச்சுத் தின்னுட்டு வாழ்த்துச் சொல்லணும். மனசுல கோவம் இருந்தா அதோட விட்டுடணும். மாப்பிள்ளை எங்கிட்ட வந்தார். மனப்பாடம் பண்ணியிருப்பார் போல, "மாமா, நல்லா இருங்க"ன்னார். எனக்கு வாய்ல ஒண்ணும் வரலை. கடைசியா, "மாசி மாசம் மஞ்சள் வெட்டு, வாங்க மாப்பிள்ளை"ன்னேன். அவர் அர்த்தம் கேட்டு மகளைத் திரும்பிப் பாத்தார். அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டா.

சாப்பாடு 12 வகை. கறி கிடையாது, மீன் உண்டு. பீட்ரூட் சாறு புளிப்பா ரசமாட்டம். 'பியரோகி' நம்ம கொழுக்கட்டைதான், உள்ள முட்டைக்கோசும் காளானும். கெண்டை மீனு ரெண்டு நாளா குளிக்கிற தொட்டியில உசுரோட நீந்திட்டுக் கிடந்துச்சு. வீட்டுக்காரி குளிக்கவும் இல்லை, அந்த மீனைத் தொடவும் இல்லை.

அப்புறம் சம்பந்தி என்னைத் தொழுவத்துக்குக் கூட்டிட்டுப் போனார். மாட்டுக்குன்னு தனியா கலர் வில்லை. அன்னிக்கு நடுராத்திரி மாடு பேசும்னு அவங்க ஊர்ல சொல்லுவாங்களாம். பட்டிப் பொங்கலுக்கு ஊட்டற மாதிரியே நான் ஊட்டினேன். சம்பந்தி ஒரு மாட்டோட வயித்தைத் தடவி ஏழு விரலைக் காட்டினார். நானும் தடவிப் பாத்துட்டு, ஆமாம்னு தலையாட்டினேன். அதுக்கு மகளைக் கூப்பிடலை.