எதை நிறுவுவது என்பதற்கு முன்

2021 சனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தபோது, இந்தியா முழுவதும் குடும்பக் குழுக்களிலும் கல்லூரிக் குழுக்களிலும் ஒரே அறிவுரை சுற்றி வந்தது: இதை விட்டுவிட்டு சிக்னலுக்கோ டெலிகிராமுக்கோ போய்விடுங்கள். இரண்டு பெயர்களும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. சிக்னலில் எல்லா உரையாடல்களும் முனைக்கு முனை மறையாக்கம் பெறுகின்றன. இடையில் உள்ள வழங்கி அவற்றைப் படிக்க இயலாது. டெலிகிராமின் வழக்கமான உரையாடல்களுக்கு அந்தக் காப்பு இல்லை. 'இரகசிய உரையாடல்' என்று தனியே தொடங்கினால் மட்டுமே உண்டு. குழுக்களுக்கு அதுவும் கிடையாது. கைவிடப்பட்ட வாட்ஸ்அப்போ 2016 முதலே சிக்னலின் மறையாக்க நெறிமுறையைப் பயன்படுத்தி வந்தது. அங்கே எழுந்த சிக்கல், வணிகக் கணக்குகளுடனான பரிமாற்றங்களும் கணக்கு சார்ந்த விவரங்களும் தாய் நிறுவனத்தோடு பகிரப்படுவது பற்றியது. ஆகவே, தம் பேச்சின் உள்ளடக்கத்தைக் காக்க எண்ணி டெலிகிராமுக்குப் போனவர், அதுவரை தமக்கிருந்த காப்பையும் இழந்தார்.

அறிவுரை சொன்னவர்கள் தீய நோக்கம் கொண்டவர்கள் அல்லர். பெரும்பாலும் நண்பர்கள், மாணவர்கள், ஆசிரியர்கள். அவர்கள் பகிர்ந்தது ஒரு செயலியின் பெயர். அப்பெயரைப் பரிந்துரைப்பதற்கான காரணம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. கட்டற்ற மென்பொருள், தனியுரிமை ஆகியவை பற்றிய அறிவு இந்தியாவில் பரவும் விதத்தை உற்றுநோக்கினால் இது மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காணலாம். பெயர் வேகமாகப் பரவுகிறது, காரணம் பின்தங்கிவிடுகிறது. ஒரே நிறுவனத்தின் பிடியில் உள்ள தளங்களில் இதன் தீங்குக்கு ஓர் எல்லை உண்டு. பரவலாக்கப்பட்ட சமூகங்களில் அந்த எல்லை இல்லை. ஏனெனில் அங்கே எந்த வழங்கியில் சேர்வது, யாரை நம்புவது என்ற முடிவுகளைப் பயனரே எடுக்க வேண்டியிருக்கிறது.

2019 அக்டோபர் இறுதியில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. 1936இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் கூட்டமே நாஜி வணக்கம் செலுத்த, ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் புகழ்பெற்ற நிழற்படத்தை அவர் தம் கணக்கின் முகப்பில் வைத்திருந்தார். அதையொட்டி எழுந்த சினத்தில், நவம்பர் மாதம் இந்தியப் பயனர்கள் பலர் மாஸ்டோடானில் கணக்குத் தொடங்கினர். எழுத்தாளர்கள், இதழாளர்கள், பல்கலைக்கழகத்தினர் எனப் பலர் அதில் இருந்தனர். மாஸ்டோடான் கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் அதைத் தம் வழங்கியில் நிறுவலாம். வெவ்வேறு வழங்கிகளில் இருப்பவர்கள், மின்னஞ்சலில் போலவே, ஒருவரோடொருவர் உரையாடலாம். அதற்கு வழிவகுக்கும் 'ஆக்டிவிட்டிபப்' நெறிமுறையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018இல் பொதுத்தரமாகப் பரிந்துரைத்திருந்தது.

பெருநிறுவனத்தின் கண்காணிப்பிலிருந்து விலகிவிட்டோம் என்ற நிம்மதியில் பலர் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. மாஸ்டோடானில் ஒருவருக்கு மட்டும் அனுப்பும் செய்தி முனைக்கு முனை மறையாக்கம் பெறுவதில்லை. அனுப்பியவரின் வழங்கியை நடத்துபவரும், பெறுபவரின் வழங்கியை நடத்துபவரும் விரும்பினால் அதைப் படிக்கலாம். மென்பொருளை எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை. நுண்தகவல்களை இங்கே பகிர வேண்டாம் என்ற எச்சரிக்கை, செய்தி எழுதும் பெட்டியின் அருகிலேயே தோன்றுகிறது. பின்னாளில் 'நேரடிச் செய்தி' என்ற பெயரையே மாற்றி, சிலரை மட்டும் குறிப்பிடும் பதிவு என்ற பொருள்படும் பெயரையும் இட்டார்கள். முந்தைய பெயர், இல்லாத ஒரு பாதுகாப்பை உணர்த்தியது.

பரவலாக்கம் நம்பிக்கையின் தேவையை ஒழித்துவிடுவதில்லை, அதை இடம் மாற்றுகிறது. முன்பு தொலைதூர நிறுவனம் ஒன்றை நம்பியவர், இப்போது தம் ஓய்வு நேரத்தில் வழங்கியைப் பேணும் தன்னார்வலர் ஒருவரை நம்புகிறார். அவர் யார், வழங்கி எந்த நாட்டில் இருக்கிறது, மாதச் செலவை யார் ஏற்கிறார்கள், காப்புநகல்கள் எங்கே கிடக்கின்றன, அவர் களைத்துப்போய் வழங்கியை மூடினால் பதிவுகள் என்னவாகும்? இவை அனைத்தும் சேருமுன் கேட்க வேண்டிய கேள்விகள். நிரல் திறந்திருப்பதால் மட்டும் இவற்றுக்கு விடை கிடைத்துவிடாது. வெளியிடப்பட்ட நிரலை எவரும் படித்துச் சரிபார்க்கலாம். இன்னொருவரின் வழங்கியில் ஓடுவது அதே நிரல்தானா என்பதைத் தொலைவிலிருந்து உறுதிசெய்வது அரிது. அழித்தலுக்கும் இது பொருந்தும். ஒரு பதிவு பல வழங்கிகளுக்குப் படிகளாகச் சென்றபின், அதை நீக்கும் கட்டளை மற்ற வழங்கிகளைப் பொறுத்தவரை வேண்டுகோள் மட்டுமே. நல்ல வழங்கிகள் அதற்கு இணங்கும். இணங்காதவற்றைக் கட்டாயப்படுத்த வழியில்லை.

இந்த அறிவு பகிரப்படும்போது மொழியும் குறுக்கே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற சொல் விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே குறித்துக் குழப்புவது பலரும் அறிந்ததே. இந்தியில் 'முக்த்' வேறு, 'முஃப்த்' வேறு. ஆனால் காதுக்கு இரண்டும் மிக நெருக்கம். மலையாளத்தார் 'ஸ்வதந்த்ர' என்று தெளிவாக வைத்துக்கொண்டனர். தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்பது ஆங்கிலத்தின் குழப்பத்தை அழகாகக் கடந்துவிடுகிறது. ஆனால் அடுத்த சொல்லிலேயே தமிழுக்கு ஓர் இடறல் காத்திருக்கிறது. ஒருவரின் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமைக்கு வழங்கும் சொல் 'தனியுரிமை'. நிறுவனம் ஒன்று நிரலைப் பூட்டி வைத்திருக்கும் மென்பொருளுக்குத் தமிழ்க் கணிமை எழுத்துகளில் வழங்கும் சொல் 'தனியுரிம மென்பொருள்'. ஒரே வேரிலிருந்து பிறந்த இரு சொற்கள் ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகளைக் காட்டுகின்றன. முதன்முறை படிக்கும் மாணவர், தனியுரிம மென்பொருள் என்பதைத் தனியுரிமையைக் காக்கும் மென்பொருள் என்று புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. 'அந்தரங்கம்' என்று மாற்றினாலோ, மறைக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்ற தொனி வந்து சேர்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக அடிப்படை உரிமை என்று அறிவித்ததை, ஒளித்து வைப்பதோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை.

இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு இத்தகைய இடறல்களைச் சமாளித்த பட்டறிவு உண்டு. 2001இல் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் எழுத்துருக்களையும் மொழிபெயர்ப்புகளையும் தம் மொழியில் உருவாக்கினர். தமிழில் 2012 முதல் வெளிவரும் 'கணியம்' இதழ், கட்டற்ற மென்பொருள் குறித்து எளிய தமிழில் எழுதி வருகிறது. இத்தகைய முயற்சிகளின் வலிமை, கற்பித்தவரும் கற்றவரும் ஒரே மொழியில் தொடர்பில் இருந்ததுதான். ஒரு கல்லூரி முகாமில் லினக்ஸ் நிறுவிக் கொடுத்தவரிடம் அடுத்த வாரம் ஒலிப்பான் வேலை செய்யவில்லை என்று கேட்கலாம். அவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர். குழுவில் முன்னனுப்பப்பட்டு வரும் அறிவுரைக்கு அப்படிப் பொறுப்பேற்க எவரும் இல்லை.

அறிவின்றிப் பெயரை மட்டும் பற்றிக்கொள்வது தனிமனிதர்களோடு முடிவதில்லை. 2023 மே மாதம், சம்மு காசுமீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துவதாகக் கூறி 14 செயலிகளை ஒன்றிய அரசு தடைசெய்தது. எலிமென்ட், பிரையர் ஆகிய இரண்டு கட்டற்ற செயலிகளும் அப்பட்டியலில் இருந்தன. எலிமென்ட் என்பது மேட்ரிக்ஸ் நெறிமுறையை அணுக உதவும் பல செயலிகளுள் ஒன்று. அதைத் தடுத்தாலும் நெறிமுறை தொடர்ந்து இயங்கும், பிற செயலிகளும் இயங்கும். பிரையருக்கோ மைய வழங்கியே கிடையாது. இணையம் இல்லாதபோது அருகிலுள்ள கைபேசிகளுக்கு இடையே புளூடூத் வழியாகவும் செய்தியைக் கடத்தவல்லது. வெள்ளக் காலத்தில் உதவக்கூடிய கருவி அது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இத்தடையை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினர்.

ஆய்வுலகத்துக்கு இவற்றோடு நேரடித் தொடர்பு உண்டு. களத்துக்குச் செல்லும் மொழியியலாளரோ மானிடவியலாளரோ மனிதர்களின் குரலைச் சேகரித்து வருகிறார். ஒப்புதல் படிவத்தில் பெயர் வெளியிடப்படாது என்று எழுதப்பட்டிருக்கும். குரலே அடையாளம் என்பதைப் படிவம் சொல்வதில்லை. பதிவு செய்த கோப்பு ஏதோ ஒரு நிறுவனத்தின் மேகச் சேமிப்பில் ஏறுகிறது. எழுத்தாக்கம் செய்ய உதவும் நண்பர்களுக்காக ஒரு குழு தொடங்கப்படுகிறது. களத்தில் எடுத்த படம், எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகளைத் தன்னுள் சுமந்தபடியே 'ஆவணமாக' அனுப்பப்படுகிறது. மேட்ரிக்ஸ் அறையில் உரை மறையாக்கம் பெற்றாலும், யார் யார் அங்கே இருக்கிறார்கள், எப்போது பேசினார்கள், அறையின் பெயர் என்ன என்பவை வழங்கிக்குத் தெரியும். ஓர் ஊரின் பெயரையும் ஒரு சாதியின் பெயரையும் சேர்த்து அறைக்குப் பெயரிட்டால், உள்ளே பேசியதைப் படிக்காமலே பாதி செய்தி வெளியே வந்துவிடுகிறது.

சட்டம் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சில வரையறைகளுக்கு உட்பட்டு, ஆய்வுக்காகத் தரவைக் கையாள்வதற்கு விலக்கு அளிக்கிறது. சட்டம் விலகி நிற்கும் இடத்தில் ஆய்வாளரின் அறம்தான் எஞ்சுகிறது. ஆதிக்கச் சாதியினரின் மிரட்டலைப் பற்றித் தன் வட்டாரப் பேச்சில் சொன்ன ஒரு பெண்ணின் பதிவு கசிந்தால், ஆய்வாளருக்கு ஓர் அத்தியாயம் போகும். அவளுக்கு ஊரில் இருக்க முடியாமல் போகலாம். எந்தச் செயலி என்று தேர்ந்தெடுத்தவர் ஒருவர், விளைவைச் சுமப்பவர் இன்னொருவர்.

ஆகவே அறிவைப் பகிர விரும்புவோர் செயலியின் பெயரோடு நான்கு செய்திகளையும் சேர்த்துச் சொன்னால் போதும், பெரும்பாலான தீங்கு விலகும். இது யாரிடமிருந்து எதைக் காக்கிறது? எதைக் காக்கவில்லை? யாரை நம்பச் சொல்கிறது? இந்த அறிவுரை எந்த மாதம், எந்த ஆண்டு எழுதப்பட்டது? கடைசிக் கேள்வி சிறிதாகத் தோன்றலாம். 2024 பிப்ரவரிக்கு முன் சிக்னலில் பேசத் தொடங்க ஒருவர் தம் கைபேசி எண்ணைத் தர வேண்டியிருந்தது. அதன்பின் பயனர்பெயர் வசதி வந்து, எண்ணைக் காட்டாமலே பேச முடிகிறது. தேதியிடாத பழைய குறிப்பு இன்றும் சுற்றினால், அது ஒருவரை வீணாக அச்சுறுத்தும். வேறொரு குறிப்பு வீணாகத் துணிவு கொடுக்கும்.

இந்நான்கும் கேட்பவரின் மொழியில் சொல்லப்பட வேண்டும் என்பதே முதன்மையானது. பல்கலைக்கழகத் துறைகளில் ஆய்வு நெறிமுறை பற்றிய வகுப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தில் "உங்கள் குரல் எங்கே சேமிக்கப்படும், அதை யாரெல்லாம் கேட்க முடியும்" என்ற இரு வரிகளை மாணவர்களே எழுதிப் பார்க்கலாம். மேகச் சேமிப்பு, மறையாக்கம், வழங்கி ஆகிய சொற்களைக் கையாளாமல், பள்ளிக்கூடம் போகாத ஒருவருக்கு விளங்கும்படி எழுத வேண்டும். எழுத முடியாமல் தடுமாறும் இடத்தில், தாம் பயன்படுத்தும் கருவி எப்படி இயங்குகிறது என்பது தமக்கே தெரியவில்லை என்பதை அம்மாணவர் கண்டுகொள்வார். களத்துக்குப் புறப்படுமுன் அவர் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.