வாசலில் நின்ற சாயல்



திகில் திரைப்படம் ஒன்றைப் பற்றிப் போதகர் எழுதுவதா என்று உங்களில் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். 2019ஆம் ஆண்டு வெளிவந்த 'அஸ்' என்னும் அமெரிக்கப் படம் எரேமியா 11:11 என்னும் வேதவசனக் குறிப்பைத் தன் நடுவே வைத்திருக்கிறது. அந்த இலக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, வசனம் என்ன சொல்லுகிறது என்பதைப் படம் விளக்காமல் விட்டுவிடுகிறது. ஆகவே அதைக் குறித்து எழுதுவது நம்முடைய வேலையாகவும் ஆகிறது. இரத்தம் மிகுந்த படம். பிள்ளைகளுக்கு உரியதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இயக்கியவர் ஜோர்டன் பீல். கதை 1986இல், கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் கடற்கரைப் பொழுதுபோக்குப் பூங்காவில் தொடங்குகிறது. அடிலெய்ட் என்னும் சிறுமி பெற்றோரை விட்டு விலகி நடக்கிறாள். அட்டைப் பலகையில் அந்த வசனக் குறிப்பை எழுதி ஏந்திய ஒரு மனிதனைக் கடந்து, கண்ணாடிகள் நிறைந்த இருட்டுக் கூடத்துக்குள் நுழைகிறாள். அங்கே ஒரு பிம்பம் அவளுக்கு முதுகு காட்டி நிற்கிறது. கண்ணாடி முகத்தையல்லவா காட்டவேண்டும்? அது பிம்பமன்று, இன்னொரு சிறுமி என்று நாம் உணரும் அந்த நொடிக்கு ஈடான அச்சம் படத்தின் பிற்பகுதியில் சிந்தும் இரத்தம் எதிலும் இல்லை என்பது என் கருத்து.

ஆண்டுகள் கழித்து, கணவனோடும் இரு பிள்ளைகளோடும் அவள் அதே ஊருக்கு விடுமுறைக்கு வருகிறாள். அன்று இரவு வீட்டு வாசலில் நால்வர் கைகோத்து நிற்கிறார்கள். சிவப்பு உடை, கையில் பொன்னிறக் கத்தரிக்கோல். வந்திருப்பது யார் என்பதை முதலில் அறிந்துகொள்பவன் சிறுவன்தான்: அவர்கள் நாமே என்கிறான். படத்தின் பெயரும் அதுவே. 'அஸ்' என்றால் 'நாம்'. அதே இரண்டெழுத்து ஆங்கிலத்தில் அமெரிக்க நாட்டின் பெயர்ச் சுருக்கமும் ஆகும்.

வந்தவர்கள் பூமிக்கடியிலுள்ள சுரங்கங்களில் வாழ்ந்தவர்கள். மேலே உள்ள ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு சாயல் உண்டு. மேலே இருப்பவள் சூடான உணவை உண்ணும்போது, கீழே இருப்பவள் முயலைப் பச்சையாய்த் தின்னவேண்டும். மேலே கிறிஸ்துமஸ் நாளில் மென்மையான பொம்மைகள் கிடைக்கும்போது, கீழே கிடைப்பவை விரலை வெட்டும். இதை ரெட் என்னும் சாயல், நெரிக்கப்பட்ட தொண்டையிலிருந்து பிடுங்கியெடுப்பதுபோன்ற குரலில் சொல்லுகிறாள். அடிலெய்ட், ரெட் இருவராகவும் நடித்திருப்பவர் லுபிட்டா நியோங்கோ. பிற்பகுதியில் இந்தச் சுரங்கங்களின் வரலாற்றை ரெட் நின்று விரித்துரைக்கும்போது அச்சம் சற்றுக் குறைந்துவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் அங்கே ஒரு வார்த்தை என்னை நிறுத்தியது: உடலை இரண்டாக்க மனிதரால் முடிந்தது, ஆத்துமாவை இரண்டாக்க முடியவில்லை என்கிறாள்.

கத்தரிக்கோலைச் சற்று எண்ணிப்பாருங்கள். ஒரே வடிவான இரு பாதிகள், நடுவே ஓர் ஆணி. பிரித்தால் இரண்டும் பயனற்றவை. 11:11 என்பதும் அப்படியே, ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரு இணைகள். முயல்களோ கூண்டுக்குள் கூண்டாக அடுக்கப்பட்டு, சோதனைச்சாலை உயிர்களை நினைவூட்டுகின்றன.

எல்லாவற்றிலும் கூர்மையான அடையாளம் கைகோத்த மனிதச் சங்கிலிதான். 1986 மே 25 அன்று, பசித்தோருக்கும் வீடற்றோருக்கும் நிதி திரட்டுவதற்காக, நியூயார்க் முதல் கலிபோர்னியாவின் லாங் பீச் வரை இலட்சக்கணக்கான அமெரிக்கர்கள் பதினைந்து நிமிடம் கைகோத்து நின்றார்கள். பாலைவனப் பகுதிகளில் இடைவெளிகள் இருந்தன. பதினைந்து நிமிடம் முடிந்ததும் கைகள் விலகின. வீடற்றோர் வீதியிலேயே இருந்தார்கள். அந்த நிகழ்ச்சியை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. கொடுத்தவர்கள் மெய்யாகவே கொடுத்தார்கள். ஆனால் படத்தில் அச்சங்கிலியை மறுபடியும் கோப்பவர்கள் கீழே மறக்கப்பட்டவர்கள். அவர்கள் கையை விடுவதில்லை.

இப்பொழுது எரேமியாவின் பதினோராம் அதிகாரத்துக்கு வாருங்கள். தப்பமுடியாத தீங்கு வரும், அப்பொழுது ஜனங்கள் கூப்பிட்டாலும் கேட்கப்படாது என்பதே அந்த வசனத்தின் சாரம். வேதத்தில் வாசிக்கவே கடினமான இடங்களில் இதுவும் ஒன்று. அதிகாரத்தின் முடிவில், தீர்க்கதரிசியின் உயிரை வாங்கத் தேடியவர்கள் அவருடைய சொந்த ஊராகிய ஆனதோத்தின் மனுஷரே என்று காண்கிறோம். யூதா பயப்படவேண்டியதெல்லாம் வடக்கேயிருந்துதான் வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கேட்க மறுத்த காதுகள் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

படத்தின் கடைசி இரகசியத்தைச் சொல்லாமல் இதை எழுதமுடியாது. அன்று கண்ணாடிக் கூடத்திலிருந்து வெளியே வந்தது அடிலெய்ட் அல்ல, அவளுடைய சாயல். உண்மையான சிறுமியைக் கழுத்தை நெரித்துக் கீழே விலங்கிட்டுவிட்டு, அவளுடைய பெயரையும் பெற்றோரையும் எடுத்துக்கொண்டு மேலே வாழ்ந்தவள் அவளே. இத்தனை ஆண்டுகளாக அவள் அஞ்சியது பேயையா? தான் யாருடைய இடத்தில் நிற்கிறாளோ, அவள் ஒருநாள் வந்து வாசலில் நிற்பாள் என்பதையே.

இந்த அச்சத்தை வேதம் வெகு முன்பே அறிந்திருக்கிறது. ஏசாவின் வஸ்திரத்தை உடுத்தி, கைகளில் ஆட்டுத்தோலைப் போர்த்து, பார்வை மங்கிய தகப்பனிடம் தன் அண்ணனின் பெயரைத் தன் பெயராகச் சொல்லி ஆசீர்வாதத்தைப் பெற்றுக்கொண்ட யாக்கோபை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் இரட்டையரே. இருபது வருஷங்களுக்கு மேலாகியும், 400 பேரோடு ஏசா வருகிறான் என்று கேட்டபோது அவன் மிகவும் பயந்தான். யாப்போக்கு ஆற்றங்கரையில் அந்த இரவிலே அவனிடம் மறுபடியும் பெயர் கேட்கப்படுகிறது. இம்முறை அவன் தன் சொந்தப் பெயரைச் சொல்லுகிறான்.

அடிலெய்டுக்கு அப்படி ஒரு கணம் வாய்ப்பதில்லை, அல்லது அவள் அதை எடுத்துக்கொள்வதில்லை. ரெட்டைக் கொன்றுவிட்டு, குடும்பத்தோடு வண்டியேறிப் புறப்படுகிறாள். பக்கத்தில் அமர்ந்த மகன் அவளையே உற்றுப்பார்க்கிறான். அவள் புன்னகைக்கிறாள். அவன் தன் முகமூடியை இழுத்து மூடிக்கொள்கிறான்.

பிரியமானவர்களே, நாம் உண்ணும் சூடான உணவுக்காக எவரோ கீழே எதையோ இழக்கிறாரா என்று கேட்பது இனிமையான தியானமன்று; ஆனாலும் கேளுங்கள். இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் ஆதியாகமம் 32, 33 அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள். ஏழுமுறை தரைமட்டும் குனிந்துகொண்டு வருகிறவனைக் கண்டு, ஏமாற்றப்பட்டவன் என்ன செய்தான் என்பதைப் பிள்ளைகளே சத்தமாய் வாசிக்கட்டும்.