கணப்பருகே நால்வர்

பாரிஸில் அமெரிக்காவின் பெயரைச் சூட்டிய சதுக்கம் ஒன்று உண்டு. 1919 ஏப்ரலில், முதல் உலகப் போருக்குப் பிந்தைய சமாதான மாநாட்டின்போது, அங்கே 11ஆம் எண் வீட்டில்தான் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் குடியிருந்தார். அந்த வீட்டுப் படிப்பறைக்குள் சத்தமில்லாமல் போய் ஒரு மூலையில் நின்றுகொள்வோம். நம்மை யாரும் கவனிக்கப் போவதில்லை. உள்ளே இருக்கும் நான்கு பேரும் ஒருவரையொருவர் கண்காணிப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள்.

கணப்பைப் பார்த்தபடி அரைவட்டமாக நாற்காலிகள். நடுநாயகமாக பிரான்சின் பிரதமர் ஜார்ஜ் கிளமான்சோ. வயது 77. கைகளில் சாம்பல் நிறத் தோலுறை. சரும நோய் இருப்பதால் அதைக் கழற்றுவதே இல்லை. கையில் காகிதம் கிடையாது, கோப்பு கிடையாது. பாதி நேரம் கண் மூடியிருக்கிறது. தூங்குகிறார் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ரைன் நதி என்று யாராவது வாயெடுத்தால் போதும், இமை திறந்துவிடும். பிப்ரவரி 19ஆம் தேதி காலை வீட்டிலிருந்து காரில் கிளம்பியவரை ஓர் இளைஞன் சுட்டான். ஒரு குண்டு இன்னும் உடம்புக்குள்தான் இருக்கிறது. இரண்டு வாரம் முடிவதற்குள் மனிதர் வேலைக்குத் திரும்பிவிட்டார். இத்தனை பெரிய போரில் ஜெயித்த நாட்டில், இவ்வளவு கிட்டத்திலிருந்து சுட்டுக் குறி தவறும் ஒரு பிரெஞ்சுக்காரனா என்று கேலி வேறு பேசினார். அவர் மனதில் இருக்கும் பழைய காயம் வேறு. 1871இல் ஜெர்மானியர்களிடம் அல்சாஸையும் லொரேனையும் பறிகொடுத்தபோது, கூடாது என்று எதிர்த்த இளம் எம்.பி. இவர். 48 வருஷம் காத்திருந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

கணப்புக்கு ஒரு பக்கம் வில்சன். பாதிரியார் மகன், பேராசிரியராக இருந்தவர். 14 அம்ச சமாதானத் திட்டத்தோடு கப்பலேறி வந்து, டிசம்பரில் பாரிஸுக்குள் நுழைந்தபோது தெருவெல்லாம் ஜனத்திரள். இப்போது அந்த ஆரவாரம் அடங்கிவிட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் கடும் காய்ச்சலில் விழுந்தவர், படுக்கையில் இருந்தபடியே தன் ‘ஜார்ஜ் வாஷிங்டன்’ கப்பலைத் தயாராக வைக்கச் சொல்லி ஆணை அனுப்பினார். கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவேன் என்ற மிரட்டல்தான். கிளமான்சோவுக்கா அது புரியாது? வில்சனுக்கு எது வேண்டும் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும்: சர்வதேச சங்கம். அதில், அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பா தலையிடக் கூடாது என்ற மன்றோ கொள்கைக்கு விலக்கு சேர்க்காவிட்டால் தன் நாட்டு செனட்டைச் சமாளிக்க முடியாது. அந்த விலக்கை இவர்களிடம்தான் கேட்டு வாங்கியாக வேண்டும். உபதேசம் செய்ய வந்தவர் யாசகம் கேட்கும் நிலைக்கு வந்த கணத்தில் பேரம் படிய ஆரம்பித்துவிட்டது.

எதிர்ப்பக்கம் டேவிட் லாய்ட் ஜார்ஜ், வேல்ஸ்காரர். தெருவைக் கடந்தால் அவர் ஜாகை. நான்கு பேரில் சூழ்நிலையை மோப்பம் பிடிப்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை. மார்ச் 25ஆம் தேதி ஃபோன்டென்ப்ளோவிலிருந்து ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு வந்தார். ஜெர்மனியை அளவுக்கு மீறி நசுக்கினால் அடுத்த போருக்கு வித்திடுவோம் என்பது சாரம். அருமையான யோசனைதான். ஆனால் விட்டுக்கொடுப்பு எல்லாம் ஐரோப்பிய மண்ணில், பிரான்சின் செலவில். ஜெர்மனியின் கப்பற்படையும் காலனிகளும் போனது போனதுதான். பிரிட்டனுக்கு வேண்டியது கைக்கு வந்துவிட்டது. கிளமான்சோவின் பதில் இதைத்தான் சுட்டிக்காட்டியது. ஊரான் வீட்டு நெய்யில் தாராளம் காட்டும் கலையை அந்தக் குறிப்பைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

நான்காமவர் இத்தாலியின் விட்டோரியோ ஒர்லாந்தோ. ஆங்கிலம் தெரியாது. கிளமான்சோ வாலிபத்தில் அமெரிக்காவில் இருந்தவர் என்பதால் மற்ற மூவரும் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒர்லாந்தோ மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்க்கிறார்.

அந்த மொழிபெயர்ப்பாளர் போல் மாந்து. பிரிட்டனின் தொழிற்புரட்சி வரலாற்றை எழுதிய பேராசிரியர். இந்த அறையில் எனக்குப் பிடித்த ஆள் இவர்தான். தனக்கென்று ஒரு வார்த்தை பேச உரிமையில்லாதவர், பிறர் பேச்சை ‘நான்’ என்றே தொடங்கிப் பெயர்க்கிறார். அதுவும் எத்தனை உருக்கம்! தன் சொந்த நிலத்துக்காக வாதாடுகிறார் என்றே தோன்றும். ஆரம்பத்தில் இந்த நால்வர் கூட்டத்துக்குக் குறிப்பெடுக்கச் செயலாளரே கிடையாது. மாந்து தனக்காக எழுதிக்கொண்டதுதான் பதிவு. ஐரோப்பாவின் எல்லைகளைத் தீர்மானித்துவிட்டு வெளியே போன தலைவர்கள், அடுத்த நாள் என்ன தீர்மானித்தோம் என்பதில் முரண்பட்டார்கள். அதன்பிறகுதான் பிரிட்டிஷ் அதிகாரி மாரிஸ் ஹாங்கியை உள்ளே அழைத்து எழுதச் சொன்னார்கள்.

சண்டைகள் சில மேலோட்டமானவை. சில அப்படியல்ல. மார்ச் 28 அன்று ஸார் நிலக்கரிப் பகுதி பற்றிப் பேச்சு. பின்வாங்கும்போது ஜெர்மானியப் படை வட பிரான்சின் சுரங்கங்களில் தண்ணீரைப் புகுத்திவிட்டுப் போயிருந்தது. பிரான்சின் சாவுக்கணக்கு 13 லட்சத்துக்கும் மேல். ஸார் எங்களுக்கு வேண்டும் என்கிறார் கிளமான்சோ. அங்கே வாழ்பவர்கள் ஜெர்மானியர்கள், முடியாது என்கிறார் வில்சன். நீங்கள் ஜெர்மனியின் நண்பர் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார் கிழவர். கடைசியில் சுரங்கம் பிரான்சுக்கு, நிர்வாகம் சர்வதேச சங்கத்துக்கு, 15 வருஷம் கழித்து வாக்கெடுப்பு என்று முடிந்தது.

நஷ்டஈட்டு விஷயத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். சேதமான சொத்துக்கு மட்டும் ஈடு என்றால் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும்தான் பெரும்பங்கு. பிரிட்டன் மண்ணில் போர் நடக்கவில்லை. ஆனால் ஜெர்மனியைக் கறந்துவிடுவோம் என்று டிசம்பர் தேர்தலில் பேசி ஜெயித்தாகிவிட்டது. வாக்கைக் காப்பாற்று என்று ஏப்ரலில் 200க்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் லாய்ட் ஜார்ஜுக்குத் தந்தி அடித்தார்கள். வழி ஒன்று கண்டுபிடித்தார்கள்: போர் விதவைகளின் ஓய்வூதியத்தையும் பொதுமக்கள் அடைந்த சேதமாகவே கணக்கில் எழுதிவிடுவது. இதற்கு வக்காலத்து எழுதிக்கொடுத்தவர் தென்னாப்பிரிக்காவின் ஜெனரல் ஸ்மட்ஸ், சமரசக்காரர் என்று பெயரெடுத்தவர். தர்க்கத்துக்கு ஒத்துவரவில்லையே என்று அமெரிக்க ஆலோசகர்கள் சொல்லிப் பார்த்தார்கள். தர்க்கமாவது ஒன்றாவது என்று வில்சன் தள்ளிவிட்டார். ஜெர்மனியின் கடன் தொகை ஏறியது. மொத்தம் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதவே இல்லை. இரண்டு வருஷம் கழித்துத்தான் 13,200 கோடி தங்க மார்க் என்று நிர்ணயித்தார்கள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு. அட்ரியாட்டிக் கரையில் இருக்கும் ஃபியூமே துறைமுகம் இத்தாலிக்கு வேண்டும் என்று ஒர்லாந்தோ பிடிவாதம். இத்தாலியைப் போருக்குள் இழுக்கப் போட்ட லண்டன் ரகசிய ஒப்பந்தத்திலும் அந்த ஊர் இல்லை, வில்சனும் அசையவில்லை. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து லாய்ட் ஜார்ஜின் காரியதரிசி பிரான்சிஸ் ஸ்டீவன்சன் பார்க்கிறார்: ஒர்லாந்தோ ஜன்னலோரம் வந்து தலையைக் கைகளில் புதைக்கிறார். அழுகிறாரோ என்று சந்தேகம், ஆனால் நம்ப முடியவில்லை. பிறகு கைக்குட்டை வெளியே வருகிறது. நான்கு நாளில் அவர் ரோமுக்கு ரயிலேறிவிட்டார். அவர் இல்லாத சமயம் பார்த்து மற்ற மூவரும் துருக்கியின் ஸ்மிர்னாவில் கிரேக்கப் படையை இறக்கச் சம்மதித்தார்கள். அந்தச் சம்மதத்தால் 1922 வரை அனட்டோலியா எரிந்தது.

ஜப்பான் வேறு வாசலில் நின்றது. இனச் சமத்துவத்தைச் சர்வதேச சங்கத்தின் சாசனத்தில் சேர்க்கக் கேட்டார்கள். ஏப்ரல் 11 அன்று 17 வாக்குகளில் 11 ஆதரவு. ஒருமனதாக இல்லை என்று சொல்லி, தலைமை வகித்த வில்சன் தீர்மானத்தை வீழ்த்தினார். மாதக் கடைசியில் சீனாவின் ஷான்டுங்கில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை ஜப்பானுக்குக் கொடுத்தார்கள். மே 4 அன்று பீக்கிங் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். சீனா கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை.

சரி, ஜெர்மனி எங்கே? முதலில் போட்ட திட்டம் வேறு. வென்றவர்கள் தங்களுக்குள் ஒரு வரைவைத் தயாரித்துக்கொள்வார்கள், பிறகு ஜெர்மனியையும் அழைத்து எதிரெதிரே உட்கார்ந்து பேசுவார்கள். அதனால்தான் ஒவ்வொருவரும் பின்னால் குறைத்துக்கொள்ளலாம் என்று தங்கள் கோரிக்கையை உயர்த்தியே வைத்தார்கள். தங்களுக்குள் ஒத்துப்போகவே ஜனவரியிலிருந்து மே வரை ஆகிவிட்டது. மறுபடி அவிழ்த்தால் இந்த மூட்டையைக் கட்டவே முடியாது என்ற பயம். ஜெர்மனியோடு பேச்சுவார்த்தை வேண்டாம் என்று யாரும் முறையாகத் தீர்மானம் போடவில்லை. அலுப்பே அந்தத் தீர்மானத்தைப் போட்டது. பேரத்துக்காக உயர்த்திச் சொன்ன விலை அப்படியே கடைசி விலையாக நின்றுவிட்டது. பழிவாங்கும் வெறிதான் வெர்சாய்ஸ் ஒப்பந்தத்தை எழுதியது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ களைப்புக்கும் அதில் சரிபங்கு உண்டு என்றே படுகிறது.

440 ஷரத்துகளையும் சேர்த்து வைத்து முழுதாகப் படித்தவர்கள் சொற்பம். மே 7 விடியற்காலையில் அச்சுப் பிரதி கைக்கு வந்ததும் படித்துப் பார்த்த அமெரிக்க உணவு நிவாரண அதிகாரி ஹெர்பர்ட் ஹூவர், மனம் கேளாமல் தெருவில் நடக்கக் கிளம்பினார். ஆளரவமற்ற வீதியில் எதிரே ஸ்மட்ஸ். பிறகு பிரிட்டிஷ் கருவூலத்தின் ஜான் மேனார்ட் கீன்ஸ். மூன்று பேரும் ஏன் அந்த நேரத்தில் நடக்கிறோம் என்பது மூவருக்கும் உடனே புரிந்துவிட்டதாக ஹூவர் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். அவர்களில் ஒருவர் ஓய்வூதியத்துக்கு வக்காலத்து எழுதியவர் என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

அன்று பிற்பகல் வெர்சாய்ஸின் ட்ரியனான் பேலஸ் ஓட்டல். ஜெர்மானிய வெளியுறவு மந்திரி ப்ரோக்டார்ஃப்-ரான்ட்ஸாவ் உட்கார்ந்தபடியே பதில் பேசினார். திமிர் என்றார்கள் சிலர்; கால் நடுங்கியது தெரியாமலிருக்க என்றார்கள் சிலர். ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் கொடுங்கள், இரண்டு வாரம் தவணை. ஜூனில் லாய்ட் ஜார்ஜுக்கே திடீரென்று பயம் பிடித்தது, ஷரத்துகளைத் தளர்த்தலாமே என்றார். இதை முன்பே யோசித்திருக்க வேண்டும் என்று வில்சனுக்கு எரிச்சல். மேல் சைலீசியாவில் வாக்கெடுப்பு என்ற ஒன்றைத் தவிரப் பெரிதாக எதுவும் மாறவில்லை.

ஜூன் 28, வெர்சாய்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபம். முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சுப் போர்வீரர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் கிளமான்சோ. ஜெர்மனியின் சார்பில் ஹெர்மன் முல்லரும் யோஹன்னஸ் பெல்லும் கையெழுத்திட்டார்கள். இந்தியாவின் பெயரில் மந்திரி மான்டேகுவும் பிகானேர் மகாராஜா கங்கா சிங்கும். காங்கிரஸ் தேர்ந்தெடுத்த திலகரைப் பாரிஸுக்கு வர விடவில்லை. ஜாலியன்வாலா பாக் நடந்து பதினொரு வாரம்தான் ஆகியிருந்தது.

அதே நாளில் இன்னொரு கையெழுத்தும் விழுந்தது. ரைன்லாந்தைப் பிரித்துத் தனிநாடாக்கும் கோரிக்கையைக் கிளமான்சோ கைவிட்டதற்கு விலையாக, ஜெர்மனி தாக்கினால் துணைக்கு வருவோம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சுக்கு உத்தரவாதம் கொடுத்தன. அமெரிக்கா ஒப்புதல் அளித்தால்தான் தன் உத்தரவாதம் செல்லும் என்று பிரிட்டன் தன் பிரதியில் சேர்த்திருந்தது. வாஷிங்டன் செனட் வெர்சாய்ஸ் ஒப்பந்தத்தையே நவம்பரில் நிராகரித்தது. உத்தரவாதத்தை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. இரு நாடுகளின் உத்தரவாதங்களும் ஒருசேரக் காலாவதியாயின. 1920 ஜனவரியில் பிரான்சின் எம்.பி.க்கள் கிளமான்சோவை அதிபராக்க மறுத்தார்கள். அந்த வருஷமே அவர் கீழ்த்திசை நாடுகளைப் பார்க்கக் கப்பலேறினார். இந்தியாவுக்கு வந்து குவாலியரில் புலி வேட்டையும் ஆடினார்.